எலி மாதிரி என்றால் எலி இல்லையா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பார்க்கின்சன் நோய். போன வாரம் ஒரு தமிழ்ச் செய்தித்தாளை என்னிடம் நீட்டினார். அவர் கை நடுக்கத்தில் தாள் படபடத்தது. "எலி மாதிரியில ரெண்டு மருந்தை ஒப்பிட்டாங்களாம். எலி மாதிரின்னா எலி இல்லையாப்பா?" என்றார். மருந்தியல் பாடம் எடுக்கும் எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

செய்தியில் வந்த 'எலி மாதிரி', 'ரேட் மாடல்' என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு. நோயை ஆராய, அந்த நோய் போன்ற நிலையை உண்டாக்கிய எலி என்பது பொருள். மாடல் என்ற சொல்லின் வேர் லத்தீன். மோடுஸ் என்றால் அளவு, மோடுலுஸ் என்றால் சிற்றளவு. அதற்கு நாம் வைத்த 'மாதிரி' தமிழில் பல வேலை பார்க்கிறது. துணிக்கடையில் வெட்டித் தரும் துண்டும் மாதிரி, கட்டப்போகும் வீட்டின் சின்ன உருவமும் மாதிரி, "அப்பா மாதிரி நடக்கிறான்" என்பதிலும் மாதிரி. 'எலி மாதிரி' என்றதும் காதில் விழுவது கடைசிப் பொருள்தான்.

ஆய்வகத்தில் நடப்பது இது. எலிக்கு ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போடுவார்கள். உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலை தடைபடும். அப்புறம் அதன் முன்னங்கால்களைக் கிடைக்கம்பி ஒன்றின் மேல் தூக்கி வைப்பார்கள். சாதாரண எலி உடனே இறங்கிவிடும். இது வைத்தபடியே நிற்கும், மீசை மட்டும் அசையும். எந்த மருந்து கொடுத்தால் சீக்கிரம் இறங்குகிறது என்று நேரம் பார்த்து ஒப்பிடுவார்கள். ஆனால் இந்த எலியின் மூளையில் செல்கள் சாகவில்லை. ஊசி மருந்தின் வேகம் தணிந்தால் பழையபடி ஓடும். நம் பெரியவருக்கு அப்படி இல்லை; அவர் மூளையில் டோபமின் சுரக்கும் செல்களே செத்துக்கொண்டிருக்கின்றன.

நோய்மாதிரி உண்டாக்க இன்னொரு வழி, எம்.பி.டி.பி. என்னும் நஞ்சு; அது அந்தச் செல்களையே கொல்லும். அதிலும் ஒரு சிக்கல். மூளையிலுள்ள ஒரு நொதி மாற்றினால்தான் அது நஞ்சாகும். செலிஜிலின் என்ற பார்க்கின்சன் மருந்து அந்த நொதியைத் தடுப்பதால் விலங்கு தப்பிவிடும். அதை வைத்து மனிதருக்கும் நோய் நிற்கும் என்று சொல்லிவிட முடியாது.

அதற்காக இந்த ஆய்வுகள் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரிசர்பைன் கொடுத்து முடக்கிய முயல்கள், உடலில் டோபமினாக மாறும் டோபா செலுத்தியதும் எழுந்து நடமாடின. ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1957-இல் அதைக் காட்டினார்; 2000-இல் நோபல் பரிசு பெற்றார். பெரியவர் தினமும் விழுங்கும் லெவோடோபாவுக்கு அந்த முயல்களும் வழி காட்டின.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'மாதிரி விலங்கு' என்றால் முன்மாதிரியான விலங்கு போல ஒலிக்கிறது. 'போல்' என்பதிலிருந்து வரும் 'போலி' இலக்கணத்தில் நல்ல சொல்தான், ஆனால் இன்று போலி மருந்துதான் நினைவுக்கு வரும். என் தேர்வு 'நோய்மாதிரி விலங்கு'. எது மாதிரி என்ற கேள்விக்குச் சொல்லிலேயே பதில் இருக்கிறது.

செய்தியில் 'எலி மாதிரி'யை அடித்து, மேலே 'பார்க்கின்சன் நோய்மாதிரி எலி' என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர் வாய்விட்டுப் படித்தார். "அப்போ இது இன்னும் எனக்கு வந்த மருந்து இல்ல" என்றார்.