யானை பார்க்கப் புறப்படுகிறவர்கள் முதலில் இறக்கத்தைப் பாருங்கள்

கடந்த போயா விடுமுறையன்று அதிகாலை மூன்றரை மணிக்கு என் கைத்தொலைபேசி ஒலித்தது. எல்ல–வெல்லவாய வீதியில் இராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டிச் சில கிலோமீற்றர் கீழே வீதியோரமாக நிற்பதாகவும், முன் சக்கரங்கள் இரண்டிலும் புகை வருவதாகவும், பிரேக்கை மிதித்தால் பஞ்சை மிதிப்பதைப் போல உள்ளே போவதாகவும் ஒருவர் நடுங்கும் குரலில் சொன்னார். பண்டாரவளையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கராஜ் நடத்தும் எனக்கு அந்த இடமும் அந்த நேரமும் அந்தப் புகையும் புதியவை அல்ல. நீண்ட விடுமுறை வந்தால் போதும், மலையகத்திலிருந்து யால, உடவளவை வனவிலங்குப் பூங்காக்களுக்குச் சொந்த வாகனத்தில் புறப்படும் குடும்பங்களில் ஒன்றாவது அந்த இறக்கத்தில் நின்றுகொண்டு என்னை அழைக்கிறது. நின்றுகொண்டு அழைக்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள் என்பது தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, காரின் மேல் தட்டில் பைகள் கட்டப்பட்டிருந்தன; உள்ளே பெரியவர்கள் நால்வரும் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். சிறியவன் கழுத்தில் தொலைநோக்கியை மாட்டியபடியே தூங்கிக்கொண்டிருந்தான். காரை ஓட்டி வந்தவர் குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து சக்கரத்தின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் அது சீறியது. போத்தலைக் கையிலிருந்து பறித்தேன் என்பதே உண்மை. அவ்வளவு சூடேறிய பிரேக் டிஸ்க்கின் மேல் தண்ணீர் பட்டால் அது கோணிப்போகும், சில வேளைகளில் வெடித்தும் போகும். பானட்டைத் திறந்து பார்த்தால், பிரேக் ஒயில் பிளேன் டீயின் நிறத்தில் இருந்தது. புதிய ஒயில் ஏறக்குறைய நிறமே இல்லாதது.

"போன மாசந்தானே அண்ணே சேர்விஸ் பண்ணினோம்" என்றார். சேர்விஸ் என்று அவர் சொன்னது என்ஜின் ஒயில் மாற்றியதையும் கழுவியதையும். பிரேக் ஒயிலைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று கேட்டேன். அதையும் மாற்ற வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்து ஆவியான பிறகு நீங்கள் மிதிப்பது ஆவியைத்தான், பிரேக்கை அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும், செலவும் பெரிதல்ல.

அரை மணி நேரத்துக்குப் பிறகு அவர் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, "சரியாயிருச்சே, இனிப் போகலாமா?" என்று கேட்டார். ஆறினால் பிரேக் திரும்பி வருவது உண்மைதான். அடுத்த ஐந்து கிலோமீற்றரில் அது மறுபடியும் போகும் என்பதும் உண்மை. ஒயில் கொதித்ததும், டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேட்டின் முகம் கண்ணாடிபோல வழவழத்துப் போனதும் ஆறுவதால் மறைந்துவிடுவதில்லை. பிரேக் போய்விட்டது என்று சொல்லி, குளிர்ந்த பிறகு கராஜுக்குக் கொண்டுவரப்படும் வாகனத்தை வெறுமனே சோதித்தால் குறை எதுவும் தெரியாது; அதனால்தான் இந்தக் கோளாறு பலருக்கு மாயமாகத் தோன்றுகிறது.

இனி, என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் விடயத்துக்கு வருகிறேன். எந்தக் கியரில் இறங்கினீர்கள் என்று கேட்டபோது, அவர் சற்றுப் பெருமையுடனேயே, எல்லயிலிருந்து நியூட்ரலில் விட்டு பெற்றோலை மிச்சப்படுத்தியதாகச் சொன்னார். இந்தப் பழக்கம் மலையகத்தில் எப்போதும் இருந்ததுதான். ஆனால் 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, வரிசையில் நாட்கணக்கில் நின்று, கியூஆர் அட்டைக்கு அளந்து வாங்கிய காலத்துக்குப் பிறகு அது ஒரு திறமையாகவே மதிக்கப்படுகிறது. தயவுசெய்து பொறுமையாகக் கேளுங்கள். காபரேட்டர் இருந்த பழைய வாகனங்களில் நியூட்ரலில் இறங்கினால் ஓரளவு பெற்றோல் மிஞ்சியது. உங்கள் அப்பாவோ மாமாவோ சொன்னது அவருடைய வாகனத்துக்குப் பொருந்தியது. இன்று நீங்கள் ஓட்டுவது இன்ஜெக்ஷன் வாகனம். கியரில் இருக்கும்போது அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், சக்கரம்தான் என்ஜினைச் சுழற்றுகிறது. அதை அறிந்த கணினி பெற்றோலை முழுமையாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, என்ஜின் அணையாமல் இருப்பதற்காகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லயிலிருந்து வெல்லவாய வரை முக்கால் மணி நேரம் நியூட்ரலில் இறங்கினால், ஏறத்தாழ அரை லீற்றரை நீங்கள் வீணாக எரித்திருப்பீர்கள். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறீர்கள். அந்தச் செலவோடு பிரேக்கையும் கொடுக்கிறீர்கள். என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாகும், ஸ்டியரிங் இறுகும், சாவியைக் கழற்றினால் பூட்டியும் கொள்ளும். இதற்கு மேல் நான் என்ன சொல்வது?

எவ்வளவு வெப்பம் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். எல்ல கடல் மட்டத்திலிருந்து 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய ஏறத்தாழ 200 மீற்றரில். இடையில் இருப்பது 28 கிலோமீற்றர் வீதி. ஆட்களும் பைகளுமாக 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த 800 மீற்றருக்கும் மேலான உயரத்தை இறங்கும்போது வெளியாகும் சக்தி, 35 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் வீதியும் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மீதியை என்ஜின் வாங்க வேண்டும். நியூட்ரலில் போட்டு என்ஜினைக் கழற்றிவிட்டால், உள்ளங்கை அளவுள்ள நான்கு பேட்டுகளும் பின்னால் இரண்டு சோடி லைனர்களும்தான் முழுவதையும் வாங்க வேண்டியிருக்கிறது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இறங்கும்போது உங்கள் கார் வேகத்தைக் குறைத்து அந்தச் சக்தியைப் பற்றரிக்கு அனுப்புகிறது என்பது சரி. ஆனால் அந்தப் பற்றரி சிறியது, இந்த இறக்கத்தில் வெகு சீக்கிரமாகவே நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு பாரத்தின் பெரும்பகுதி பேட்டின் மேல் விழுகிறது. திரையில் பற்றரி நிறைந்துவிட்டதாகக் காட்டும்போது பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மகிழ்வதற்கான அடையாளமல்ல. டொயோட்டா ஹைபிரிட்டின் கியர் பிடியில் "பி" (B) என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அது இப்படியான இறக்கத்தில் என்ஜினால் வேகத்தைக் குறைப்பதற்கென்றே வைக்கப்பட்டது. பத்து ஆண்டுகளாக அக்வா ஓட்டும் ஒருவர் அது "பார்க்கிங்" என்று என்னிடம் வாதாடினார். நியூட்ரலில் போட்டால் பற்றரிக்கும் ஒன்றும் போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற ஓட்டோ கியர் வாகனங்களில் எல், எஸ் அல்லது 2 என்று ஏதாவது ஒன்று இருக்கும். சாதாரண கியர் என்றால், அந்த மலையை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். கருகிய வாடை வந்தால் அது முன்னால் போகும் லொறியுடையது என்று உங்களைச் சமாதானப்படுத்திக்கொள்ளாமல், அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

இத்தனையும் பகலுக்குச் சொன்னவை. பயணத் திட்டத்தில் நான் காணும் பெரிய பிழை வேறு. பூங்கா வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. விடியற்காலையில் போனால்தான் சிறுத்தையைக் காண வாய்ப்பு அதிகம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். திஸ்ஸமகாராமையில் ஜீப்பை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருப்பார்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றரைக் கடக்க நள்ளிரவில் புறப்பட வேண்டியிருக்கிறது. அன்றைய நாள் முழுவதும் வேலை செய்து, பைகளைக் கட்டி, இரண்டு மணி நேரம் கூடத் தூங்காத ஒருவர், பனிமூட்டத்தில் வெலிமடையையும் பண்டாரவளையையும் கடந்து, உடலுக்கு மிகவும் தூக்கம் வரும் அந்த மூன்று மணிக்கு, நாட்டின் மிக ஆபத்தான இறக்கங்களில் ஒன்றின் உச்சியில் வந்து நிற்கிறார். உள்ளே மற்ற ஐவரும் தூங்குகிறார்கள். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு இதே எல்ல–வெல்லவாய வீதியில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள் விசாரணை செய்தவர்கள், நானல்ல. ஆனால் அந்தத் தடுப்புகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை இரவில் உங்கள் விளக்கு காட்டாது என்பதை மட்டும் சொல்வேன்.

ஆகவே முந்திய நாள் மதியத்துக்கு முன்னர் புறப்படுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வெல்லவாயவைத் தாண்டிவிடுங்கள். திஸ்ஸமகாராமையிலோ உடவளவையிலோ தங்கி, ஜீப்புக்கு எழுந்து போங்கள். ஓர் இரவு அறைக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு என்று சொல்பவர்கள், அறையில் தங்கினால் சமையல் பாத்திரங்களுக்கும் காஸ் அடுப்புக்கும் தேவை இருக்காது, மேலே கட்டிய பைகளில் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் இன்னொன்று. அப்புத்தளையிலிருந்து பெரகல, கொஸ்லந்தை வழியாகவும் வெல்லவாயவுக்கு இறங்கலாம். எல்லயில் நெரிசல் என்றால் பலர் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள். அந்த வீதிக்குப் பக்கத்தில்தான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் தோட்ட லயன் வீடுகளோடு நம்மவர்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறந்திருக்க முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், அறைக்குக் கொடுத்த முற்பணம் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். யாலவுக்குப் போகிறவர்கள், பல ஆண்டுகளில் செப்டெம்பர், ஒக்டோபர் வறட்சிக் காலத்தில் அங்கு அதிகம் பேர் போகும் முதலாம் பகுதி மூடப்படுவதுண்டு என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாசல் வரை போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

கீழே இறங்கிய பிறகு சொல்வதற்கு எனக்கு அதிகம் இல்லை. உங்கள் காரைப் பூங்காவுக்குள் கொண்டுபோக நினைக்காதீர்கள். உள்ளே இருப்பது மணலும் சேறும் குழியும், அதற்குத்தான் ஜீப் இருக்கிறது. ரிதியகமவில் 2016இல் திறக்கப்பட்ட சபாரிப் பூங்காவுக்குப் போவதென்றாலும், அங்கு அவர்களுடைய பேருந்தில்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். புத்தலவிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் வீதியில் யானை குறுக்கே நின்றால், வாழைப்பழம் கொடுக்காதீர்கள், ஹோன் அடிக்காதீர்கள், பக்கத்தால் நுழைந்து போகப் பார்க்காதீர்கள். பின்வாங்க இடம் விட்டுத் தூரத்திலேயே நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். பாத யாத்திரை போன நம் பாட்டிகள் அந்த யானைகளுக்குக் கொடுத்த மரியாதை, காருக்குள் இருக்கும் நமக்கு ஏன் வருவதில்லை என்று தெரியவில்லை. உடவளவையில் மின்வேலிக்கு அருகே நிற்கும் யானைக்குத் தும்பிக்கையில் பழம் ஊட்டிப் படம் எடுப்பதும் இதே ரகம்.

திரும்பி ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு, என்ஜினுக்கு அதிகம். வெப்பமானி ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள்; சூடாக இருக்கும் ரேடியேற்றர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டு வந்தவர்களை நான் வைத்தியசாலைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அவசரத்துக்கு அம்புலன்ஸ் இலக்கம் 1990. அதைக் கைத்தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய குடும்பத்தை, விடிந்த பிறகு ரெக்கவரி வண்டியில் பண்டாரவளைக்கு ஏற்றி வந்தோம். பேட்டுகளையும் ஒயிலையும் மாற்றினேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களில் 1516 என்று இருந்தது, அதாவது 2016ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் செய்த டயர், அதையும் அவருக்குக் காட்டினேன். சிறியவன் எழுந்ததும் யானை எங்கே என்று கேட்டான். பிற்பகலில், குறைந்த கியரில் போட்டு எப்படி இறங்குவது என்று தகப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்து மூன்று வளைவுகள் ஓட்டிக் காட்டிவிட்டு அனுப்பினேன். மறுநாள் உடவளவையிலிருந்து படம் அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த நீண்ட விடுமுறைக்கும் வாகனங்கள் வரும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: புறப்படுவதற்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு வந்து "பிரேக்கைக் கொஞ்சம் பார்த்துத் தாங்க பாஸ்" என்று நிற்காதீர்கள். சக்கரங்களைக் கழற்றி, பேட் பார்த்து, ஒயிலை முழுவதும் இறக்கி ஏற்ற அரை நாள் ஆகும். பேட் தேய்ந்திருந்தால் உங்கள் வாகனத்துக்குப் பொருந்தும் நல்ல பேட்டைக் கண்டியிலிருந்து வரவழைக்க இன்னுமொரு நாள் வேண்டும். ஒரு கிழமை முன்னதாக வாருங்கள்.