கொலை வழக்கில் மூன்றே மாதத்தில் ஜாமீனா? நீதிபதியைத் திட்டும் முன் தேதியைப் பாருங்கள்

கொலை வழக்கில் உள்ளே போனவன் மூன்று மாதத்தில் திரும்பி வந்து அதே தெருவில் பைக்கில் சுற்றினால், பறிகொடுத்த வீட்டுக்கு வயிறு எரியத்தான் செய்யும். கோபம் நேராக நீதிபதி மேல் பாய்கிறது. அதற்கு முன் ஜாமீன் உத்தரவின் நகலை வாங்கிப் படியுங்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 187(3) என்று இருந்தால் (பழைய சட்டத்தில் 167(2)), நீதிபதி இரக்கப்பட்டு விடவில்லை. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் கெடுவைப் போலீஸ் தவறவிட்டிருக்கிறது.

மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். மற்றவற்றுக்கு 60 நாள். கொலை, காயம் ஏற்படுத்திய கொலை முயற்சி எல்லாம் 90-ல் வரும். ஆயுதமில்லாமல் அடித்துக் கையை முறித்த வழக்கு 60-ல் வரும். கெடு தாண்டி, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஜாமீன் மனுப் போட்டு, ஜாமீன்தாரும் கொடுத்துவிட்டால் மறுக்க நீதிபதிக்கு அதிகாரமே இல்லை. குற்றம் எவ்வளவு கொடூரம் என்பது அந்த இடத்தில் கேள்வியே அல்ல.

எண்ணுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) நாளிலிருந்து. அந்த நாளும் சேரும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மார்ச் 1-ல் ரிமாண்ட் என்றால் மே 29 தொண்ணூறாவது நாள். மே 30 காலையில் எதிரித்தரப்பு வக்கீல் மனுவோடு நிற்பார். சென்னையில் நடந்த ஒரு போதைப்பொருள் வழக்கில் கெடு முடிந்த மறுநாள் காலை பத்தரைக்கு ஜாமீன் மனு. குற்றப்பத்திரிகைக்குச் சமமான புகார் அன்று மாலைதான் வந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. மனு முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆகவே குடும்பம் செய்ய வேண்டிய வேலை தொண்ணூறாவது நாளில் அல்ல, அறுபதாவது நாள் வாக்கில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். ரிமாண்ட் தேதியைக் கேட்டு அதன் மேலேயே குறித்து வையுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்ததா, சாட்சிகளின் வாக்குமூலம் மாஜிஸ்திரேட் முன் பதிவானதா, ஆயுதம் தடய அறிவியல் ஆய்வுக்குப் போனதா என்று இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் கேளுங்கள். நகல் எஸ்.பி.க்கும் அரசு வழக்கறிஞருக்கும், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில். ‘லேப் ரிப்போர்ட் வரலைங்க’ என்பதுதான் வழக்கமாக வரும் பதில். இருக்கும் ஆதாரத்தை வைத்துக் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டு, ரிப்போர்ட்டைப் பிறகு கூடுதலாகச் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை இன்ஸ்பெக்டருக்கு எழுதும் மனுவிலேயே எழுதுங்கள்.

கெடுவுக்குள் கேட்கும் சாதாரண ஜாமீன் வேறு கதை. அங்கே கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க நீதிபதிக்கு விருப்புரிமை உண்டு, உங்களுக்கும் பேச உரிமை உண்டு. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் மீது கார் ஏறிய வழக்கில், ஜாமீன் விசாரணையின்போது பாதிக்கப்பட்டவர்களின் வக்கீலால் காணொலி இணைப்பு துண்டித்துப்போய் முழுதாகப் பேச முடியவில்லை. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை வழக்கு என்றால் ஜாமீன் விசாரணையைப் பற்றி உங்களுக்கு முன்கூட்டித் தகவல் தந்தே ஆக வேண்டும். கொலை போன்ற மற்ற வழக்குகளில் நீங்கள்தான் வக்கீல் வைத்து இடையீட்டு மனு (எங்கள் தரப்பையும் கேளுங்கள் என்ற மனு) போட வேண்டும். ‘கொலைகாரனை விடாதீர்கள்’ என்று பத்துப் பக்கம் எழுதுவது வீண். எந்தத் தேதியில் யார் வந்து மிரட்டினார்கள், அன்றைக்கே ஸ்டேஷனில் வாங்கிய சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) எண் என்ன: இந்த இரண்டு வரிக்குத்தான் எடை.

கெடு தவறி வெளியே வந்தவனை மறுபடி உள்ளே அனுப்பவே முடியாது என்பதும் தவறு. பின்னால் தாக்கலாகும் குற்றப்பத்திரிகையில் வலுவான காரணம் இருந்தால் ரத்து செய்யலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நிபந்தனைப்படி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வராத நாட்களும் ரத்து மனுவுக்கு உதவும். அந்த விவரத்தை அரசு வழக்கறிஞர் மூலம் கேட்டு வாங்குங்கள்.