ஒரு கம்பி, இரட்டை அதிர்வு: பாவுல் பாடகரின் ஏக்தாரா எப்படி ஒலிக்கிறது?

போல்பூர் போகும் ரயிலில் ஒரு பாவுல் பாடகரைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கையில் இருந்தது ஒரே ஒரு கம்பி. வீணையில் இருப்பது போல மெட்டுகள் கிடையாது, விரல் வைத்து அழுத்த இடமும் கிடையாது. ஆனாலும் சுருதி வளைகிறது, குழைகிறது. அது தந்தி வாத்தியமா, தோல் வாத்தியமா என்றே எனக்குப் புரியவில்லை. இது எப்படி வேலை செய்கிறது?”

இரண்டு கேள்விகள். சுருதி எப்படி வளைகிறது என்பதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். தந்தியா தோலா என்ற குழப்பம் இருக்கிறதே, அதில்தான் இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

பாவுல்களைப் பற்றி இரண்டு வரி. மேற்கு வங்கத்தின் பீர்பூம், பங்களாதேஷின் குஷ்டியா போன்ற பகுதிகளில் பாடித் திரியும் மரபினர். சாதியையும் கோயில், மசூதிச் சடங்குகளையும் ஒதுக்கிவிட்டு, உடம்புக்குள்ளேயே இறைவனைத் தேடுகிறவர்கள். 1890இல் மறைந்த லாலன் ஃபகீர் இவர்களில் மிகப் பெரிய பெயர். நமக்குப் பொங்கல் நடக்கும் அதே நாட்களில் அஜய் ஆற்றங்கரையில் கெந்துலி மேளா நடக்கும்; விடிய விடியப் பாட்டு. பங்களாதேஷின் பாவுல் பாடல்கள் 2008இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு வெகு முன்பே, 1967இல், பாப் டிலனின் ஆல்பம் ஒன்றின் அட்டைப்படத்தில் பூர்ண தாஸ் பாவுலும் அவர் தம்பியும் டிலனுக்கு இரு பக்கமும் நின்றிருக்கிறார்கள். இன்று மேடையில் பார்க்க வேண்டுமென்றால் பார்வதி பாவுலைச் சொல்வேன். வலது கையில் ஏக்தாரா, இடுப்பில் கட்டிய சிறு டுகி முரசில் இடது கை, காலில் சலங்கை, வாயில் பாட்டு, உடம்பு சுழன்றுகொண்டே இருக்கும். ஒரே ஆள்தான் முழுக் கச்சேரியும்.

இனி கருவி. அடியில் ஒரு குடம்: சுரைக்குடுக்கை, மரம், தேங்காய் ஓடு, எதுவாகவும் இருக்கலாம். குடத்தின் அடிவாயில் தோல் இழுத்துக் கட்டியிருக்கும். குடத்தின் இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு மூங்கில் பட்டைகள் மேலே ஏறி உச்சியில் ஒன்றுசேரும். அங்கே ஒரு பிருடை, அதாவது கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு. தோலின் நடுவில் கட்டிய கம்பி, குடத்துக்குள் புகுந்து, இரண்டு மூங்கில்களுக்கும் நடுவே நேராக மேலேறிப் பிருடையில் சுற்றிக்கொள்ளும். வீணையில் இருப்பது போலக் கம்பியைத் தாங்கும் குதிரை கிடையாது. கம்பி தோலின் மேல் படுத்திருக்கவில்லை. தோலுக்குச் செங்குத்தாக நிற்கிறது. இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்போம்: நீளம், இழுவிசை, கம்பியின் கனம். நீளம் குறைந்தால் அதிர்வெண் ஏறும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். சுரமானிப் பெட்டியில் எடைகளைத் தொங்கவிட்டுச் செய்த சோதனை. அது போதும்.

ஒரு வீணையில் என்ன நடக்கிறது? கம்பி இடம் வலமாக அதிர்கிறது. அது குதிரையைத் தன் அதிர்வின் திசையிலேயே தள்ளுகிறது, குதிரை பலகையைத் தள்ளுகிறது, பலகை காற்றைத் தள்ளுகிறது. கம்பி ஒரு முறை போய்வந்தால் பலகையும் ஒரு முறை போய்வரும். கம்பியின் அதிர்வெண்தான் காதுக்கும் வருகிறது.

ஏக்தாராவில் அப்படி இல்லை. கம்பி தோலுக்குச் செங்குத்தாக நிற்பதால், அதன் பக்கவாட்டு அசைவு தோலை நேரடியாக மேலும் கீழும் தள்ளுவதில்லை. அதிகபட்சம் தோலின் நடுப்பகுதியை இப்படியும் அப்படியும் சாய்க்கப் பார்க்கும். தோலின் ஒரு பாதி ஏறும்போது மறுபாதி இறங்கினால் இரண்டும் கிளப்பும் காற்றலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். அதனால் பெரிய சத்தம் வராது. பிறகு எங்கிருந்து இவ்வளவு சத்தம்?

துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால், கொடி கட்டிய ஆணி உள்நோக்கி இழுபடும். கொடியை எதிர்ப்பக்கம் தள்ளினாலும் ஆணி உள்நோக்கித்தான் இழுபடும். நேராக நிற்கும்போதுதான் கொடி மிகக் குட்டை. எந்தப் பக்கம் வளைந்தாலும் அது நீளமாக வேண்டும், நீளமாக வேண்டுமென்றால் இழுவிசை ஏற வேண்டும். ஆணிக்குத் தெரிவது இழுப்பு மட்டும்தான். கொடி எந்தப் பக்கம் போனது என்பது அதற்குத் தெரியாது.

ஏக்தாராவில் அந்த ஆணி இருக்கும் இடத்தில் தோல் இருக்கிறது. கம்பி இடப்பக்கம் போய்த் திரும்பி வலப்பக்கம் போய் மறுபடி பழைய இடத்துக்கு வந்தால் ஒரு அதிர்வு. அந்த ஓர் அதிர்வுக்குள் இழுவிசை இரண்டு முறை ஏறி இறங்குகிறது. தோல் இரண்டு முறை உள்ளே போய் வெளியே வருகிறது. ஆக, கம்பி நொடிக்கு 150 முறை அதிர்ந்தால் தோல் நொடிக்கு 300 முறை அதிரும். நம் காதில் விழுவது கம்பியின் சுரம் இல்லை, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சுரம்!

முதன்முறை இதைப் படித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. கண் முன்னால் அதிரும் கம்பி ஒன்றைச் செய்கிறது, காது அதன் இரட்டிப்பைக் கேட்கிறது. கேம்பிரிட்ஜின் இசையறிஞர் லாரன்ஸ் பிக்கனும் உடனாய்வாளர்களும் 1981இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அதிர்வெண்ணை இரட்டிக்கும் தந்திக் கருவிகள் என்று இவற்றைத் தனியாகவே பிரித்தார்கள்.

இதன் கிளைவிளைவுகள் இன்னும் அழகானவை. இழுவிசையின் ஏற்ற இறக்கம் கம்பியின் வீச்சுக்கு நேர்விகிதம் அல்ல, வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். கம்பியை இரண்டு மடங்கு தூரம் இழுத்துவிட்டால் தோலின் மீது நான்கு மடங்கு விசை. மெல்லத் தொட்டால் முனகல், கொஞ்சம் அழுத்தி மீட்டினால் அதட்டல். அணையும்போதும் அதே கணக்கு: கம்பியின் வீச்சு பாதியாகக் குறையும் நேரத்தில் தோலின் வீச்சு கால்பங்காகிவிடும். கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும், சத்தம் அடங்கிவிட்டிருக்கும். மீட்டுவது தந்தியை, ஆனால் ஒலி தோலடி போலச் சட்டென்று எழுந்து சட்டென்று மறைகிறது. வாசகரின் குழப்பத்துக்கு இதுதான் காரணம். அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

இன்னொன்று: பலமாக மீட்டிய முதல் கணத்தில் கம்பியின் சராசரி இழுவிசையே சற்று அதிகம். அதனால் சுருதி கொஞ்சம் மேலே தொடங்கி, அதிர்வு அடங்க அடங்கக் கீழே வழுக்கும். பாடகர் எதுவும் செய்யாமலேயே ஒவ்வொரு மீட்டலுக்கும் ஒரு சின்ன வழுக்கல் இலவசம்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி விளைவு. கம்பி ஒரே தளத்தில் போய்வராமல் வட்டமாகச் சுற்றுகிறது என்று வையுங்கள். சுற்றும்போது அது எப்போதும் ஒரே அளவு வளைந்திருக்கும், ஆகவே ஒரே நீளம், ஒரே இழுவிசை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கம்பி கண்ணுக்குத் தெரியும்படி வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும், தோலோ ஏறக்குறைய ஊமையாக இருக்கும். நிஜக் கம்பி எதுவும் ஒரே தளத்தில் கட்டுப்பட்டு அதிராது. நேர்கோட்டில் தொடங்கி நீள்வட்டமாக விரிந்து மறுபடி ஒடுங்கும். அந்த மாற்றம் ஒலியில் ஒரு விம்மலாக வரும்.

இயற்பியல் பட்டம் படித்தவர்களுக்கு இந்நேரம் மெல்டே பரிசோதனை நினைவுக்கு வந்திருக்கும். இசைக்கவையின் காலில் நூலைக் கட்டி, மறுமுனையில் எடைத்தட்டைத் தொங்கவிடும் சோதனை. கவை நூலின் திசையிலேயே அதிரும்படி வைத்தால், நூல் கவையின் பாதி அதிர்வெண்ணில்தான் அதிரும். ஏக்தாரா அதன் தலைகீழ் வடிவம். அங்கே இழுவிசை நூலை ஆட்டுகிறது, இங்கே நூல் இழுவிசையை ஆட்டுகிறது. பதிவேட்டில் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோன அந்தச் சோதனையை ஒரு பாவுல் பாடகர் ரயிலில் தினமும் செய்துகாட்டுகிறார்.

இதில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் பங்குண்டு. 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது திருச்சியில் பிறந்த சி.வி. ராமனுக்கு வயது பதினெட்டு. அலுவலக வேலைக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் இருப்பார். 1928இல் ஒளிச்சிதறல், 1930இல் நோபல் பரிசு எல்லாம் பின்னால். அப்போது அவருக்குப் பித்து ஒலியின் மீது. 1909இல் இந்தியக் கணித மன்றத்தின் இதழில் ஏக்தாராவைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். மெல்டே சோதனையில் தோன்றும் விசித்திரங்களைப் பற்றியும் எழுதினார். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து, தபலா, மிருதங்கத்தில் பூசும் கருஞ்சாந்து எப்படித் தோலின் தாறுமாறான மேற்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று ‘நேச்சர்’ இதழில் காட்டினார்.

அந்தக் கழகம் 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டியது. அதனால் எனக்கு ஓர் ஆதங்கம். கோடிகளில் கருவி வாங்கினால்தான் ஆராய்ச்சி என்ற எண்ணம் நம் பல்கலைக்கழகங்களில் ஊறிப்போயிருக்கிறது. நாட்டார் வாத்தியங்களின் ஒலியியலுக்கு ஒரு நல்ல ஒலிவாங்கி, ஒரு மடிக்கணினி, ஊர் ஊராகப் போகப் பயணப்படி, இவ்வளவு இருந்தாலே தொடங்கிவிடலாம். இந்தச் சின்ன நிதிக்கு விண்ணப்பித்தால், ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்கிறவர்கள்தான் தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி வளைக்கும் கேள்வி. பாடகர் ஏக்தாராவின் மூங்கில்களை உள்நோக்கி அமுக்குகிறார். நேராக இருந்த பட்டைகள் வளைகின்றன, உச்சி சற்றுக் கீழே இறங்குகிறது, கம்பி தளர்கிறது, சுருதி இறங்குகிறது. விட்டால் ஏறிவிடும். மீட்டுவதும் அதே கையின் சுட்டுவிரல்தான். எவ்வளவு அமுக்க வேண்டும்? 0.3 மில்லிமீட்டர் தடிமன், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியை இரண்டு கிலோ எடைக்கு நிகரான விசையில் இழுத்துக் கட்டினால் அது நீள்வது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அரைச்சுரம் இறங்க இழுவிசை ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்தால் போதும். மறுமுனை அசையாத ஆணியாக இருந்தால், உச்சி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே சுருதி அரைச்சுரம் விழுந்துவிடும். எந்த விரலாலும் அதைக் கட்டுப்படுத்த முடியாது. நல்லவேளை, மறுமுனையில் தோல் இருக்கிறது. அது விட்டுக்கொடுக்கும். கம்பி தளரத் தளர, உள்ளே இழுபட்டிருந்த தோல் வெளிப்பக்கம் பின்வாங்கி, தளர்வின் ஒரு பகுதியைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒலியைப் பெருக்கும் அதே தோல் விரலின் அவசரத்தையும் தணிக்கிறது.

இதே தத்துவத்தை முழு வேகத்தில் ஓட்டுவது கமக் என்னும் இன்னொரு பாவுல் வாத்தியம். ஆனந்தலஹரி, குப்குபி என்றும் சொல்வார்கள். அதில் மூங்கிலே இல்லை. குடத்தை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, தோலிலிருந்து வரும் நரம்பின் மறுமுனையில் உள்ள சின்னக் கிண்ணத்தை இடது கையால் பிடித்து இழுப்பார்கள். வலது கையில் மீட்டுகோல். கையே பிருடை. இழுவிசையை நான்கு மடங்காக்கினால் ஒரு முழு ஸ்தாயி ஏறலாம், அதுவும் தாளத்துக்கு நடுவில். நல்ல வாசிப்பாளர் கையில் அது பேசும், சிரிக்கும், கேலி செய்யும்.

இணையத்தில் ஏக்தாராவின் ‘432 ஹெர்ட்ஸ் அதிர்வு’ உடல் செல்களைக் குணப்படுத்தும் என்று காணொளிகள் சுற்றுகின்றன. மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு விளங்கும்: ஒவ்வொரு மீட்டலிலும் வழுக்கிக்கொண்டே போகும் சுருதி இது, அதில் 432 எங்கே உட்கார்ந்திருக்கும்? பாடகரின் குரலுக்கு ஏற்றபடி பிருடையைத் திருகுவார்கள், அவ்வளவுதான். சடங்கையும் மந்திரத்தையும் கேலி செய்து பாடிய மரபின் தலையில் இதைக் கட்டுவதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். காகிதக் கோப்பையின் அடியில் ஊசியால் துளையிட்டு, 0.5 மில்லிமீட்டர் தூண்டில் நைலானை உள்ளிருந்து கோத்து, தீக்குச்சியில் முடிந்துவிடுங்கள். கோப்பையின் வாய் மேலே பார்க்க, அதை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே தாங்கலாக வைத்து, நைலானின் கீழ்முனையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். கோப்பைக்கும் பாட்டிலுக்கும் இடையே 50 சென்டிமீட்டர் இருக்கட்டும். சூத்திரப்படி நைலான் நொடிக்கு ஏறத்தாழ 150 முறை அதிர வேண்டும். கைபேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து மீட்டுங்கள். 300ஐ ஒட்டிக் காட்டினால் இரட்டிப்பைப் பிடித்துவிட்டீர்கள். 150ம் சேர்ந்து வந்தால் நைலான் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கோப்பையின் அடிக்குச் செங்குத்தாக வரும்படி சரிசெய்துவிட்டு மறுபடி மீட்டுங்கள்.