கிரப் மெனுவை மறைத்தாலும் மூன்று வினாடி விட்டு வையுங்கள்

கணினியை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் வரும் கிரப் மெனுவை, அதாவது லினக்ஸைத் துவக்கிவைக்கும் கிரப் என்ற நிரல் எதைத் துவக்குவது என்று கேட்டுக் காட்டும் பட்டியலை, எடுத்துவிடச் சொல்லிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். லினக்ஸ் மட்டுமே இருக்கும் கணினியில் தினமும் அந்த மெனு வந்து நிற்கத் தேவையில்லை. ஆனால் அதை மறைக்கிறவர்கள் காத்திருப்பு நேரத்தையும் அப்படியே 0 ஆக்கிவிடுகிறார்கள். என் கவலை அதில்தான்.

ஒரு அலுவலகக் கணினி என்னிடம் வந்தது. முந்தைய நாள் அப்டேட்டில் புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏறியிருந்தது, கிராஃபிக்ஸ் டிரைவர் அதோடு ஒத்துப்போகவில்லை. திரை கறுப்பாகவே நின்றது. ஒழுங்காக ஓடிய பழைய கெர்னல் வட்டிலேயே இருந்தது. மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திறந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மெனு தலைகாட்டவே இல்லை. எத்தனை முறை விசையைத் தட்டியும் சரியான நொடி அமையவில்லை. கடைசியில் லைவ் யுஎஸ்பி (தன்னிலிருந்தே லினக்ஸைத் துவக்கும் பென்டிரைவ்) போட்டு உள்ளே போய்த்தான் சரிசெய்தேன். இரண்டு நிமிட வேலைக்கு அரை நாள் போனது.

துவக்கம் தோற்றால் மெனு தானாக வருமே என்று கேட்பீர்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் வரும், 30 வினாடி நிற்கும். ஆனால் இங்கே திரை மட்டும்தான் செத்திருந்தது, உள்ளே கணினி முழுதாகத் துவங்கிவிட்டது. கிரப்பைப் பொறுத்தவரை அது வெற்றி. அதனால் அடுத்த முறையும் மெனுவைக் காட்டாது.

சரி, எப்படி மறைப்பது? ஈடிசி அடைவுக்குள் (ஃபோல்டர்) டீஃபால்ட் அடைவு, அதில் கிரப் என்ற கோப்பு (/etc/default/grub). டைம்அவுட் ஸ்டைல் வரியில் 'ஹிட்டன்' என்றும், டைம்அவுட் வரியில் 0-க்குப் பதில் 3 என்றும் போடுங்கள். உபுண்டுவைத் தனியாக நிறுவினால் ஹிட்டன், 0 என்றுதான் முதலிலேயே இருக்கும். அங்கே 0-வை மட்டும் மாற்றினால் போதும். அப்புறம் அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லை' என்பவர்கள்தான் அதிகம். பூட் அடைவில் இருக்கும் கிரப் அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள், அடுத்த கெர்னல் வரும்போது அது புதிதாக எழுதப்பட்டுவிடும்.

விண்டோஸும் சேர்ந்து இருக்கும் கணினியில் மறைக்கவே வேண்டாம் என்பேன், எதைத் துவக்குவது என்று தேர்ந்தெடுக்க மெனு வேண்டுமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மெனுவை மறைப்பது பூட்டு ஆகாது. விசை தெரிந்தவர் மெனுவை வரவழைத்து, 'இ' எழுத்தைத் தட்டி, கெர்னல் வரியில் ஒரு சொல் சேர்த்தால் கடவுச்சொல் கேட்காமலே ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) உள்ளே வந்துவிடலாம். பிள்ளைகள் கை படாமல் இருக்க மறைப்பது வேறு, தரவைக் காப்பது வேறு. தரவுதான் முக்கியம் என்றால் நிறுவும்போதே வட்டைக் குறியாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்துவிடுங்கள்.

மாற்றியதும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மெனு வருகிறதா என்று பாருங்கள். கணினியை முதலில் எழுப்பும் மதர்போர்டு மென்பொருள் பழைய பயாஸ் வகை என்றால் ஷிஃப்டைப் பிடித்தபடி இருக்க வேண்டும். புதிய யுஇஎஃப்ஐ வகை என்றால் எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். பதற்றத்தில் பல தடவை தட்டினால் மெனுவைத் தாண்டி வெறும் கிரப் கட்டளை வரிக்குப் போய்விடும். போனால் பயப்பட வேண்டாம், மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். எந்த விசை வேலை செய்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சிபியு பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். நான் சரிசெய்து கொடுக்கும் எல்லாக் கணினியிலும் அந்தச் சீட்டு இருக்கும்.