காவடி நிழலில் முகம் தெரிய: ஃபிளாஷும் ஷட்டரும்

மொரீஷியஸில் தைப்பூசம் கடுங்கோடையில் வருகிறது. தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. ஜனவரி இறுதியில் சூரியன் தெற்கே 18 பாகைக்கு அருகில் நிற்கிறது. அதனால் கத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைக்கோவிலை நோக்கிக் காவடிகள் போகும்போது, நண்பகல் வெயில் ஏறக்குறைய நேர் உச்சியிலிருந்து விழும். அதே நாளில் சென்னையில் சூரியன் உச்சியிலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கும். முகத்தில் ஓரளவு வெளிச்சம் படும். இங்கே காவடி வளைவின் நிழல் அப்படியே சுமப்பவர் முகத்தில் இறங்குகிறது. பூக்களும் மயிலிறகும் பளிச்சென்று பதிகின்றன. விரதமிருந்து வந்தவரின் முகம் மட்டும் இருண்டுபோகிறது.

இந்த நிழலை நிரப்பத்தான் தனி ஃபிளாஷ் வேண்டும். இருட்டுக்கே ஃபிளாஷ் என்று பலரும் நினைக்கிறோம். அது மிகுதியாகக் கைகொடுப்பது பகல் வெயிலில்தான் என்பேன். ஆனால் கேமராவும் ஃபிளாஷும் அதிகம் முரண்டுபிடிப்பதும் அங்கேதான். படத்தின் கீழ்ப்பகுதியில் கறுப்புப் பட்டை விழும், அல்லது படம் முழுவதும் வெளுத்துப்போகும். பெரும்பாலும் கருவிகளில் பழுது எதுவும் இருக்காது. அவை நேரத்தில் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

கேமராவில் படம் பதியும் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. இவைதான் ஷட்டர். முதல் திரை விலகி ஒளியை உள்ளே விடுகிறது. இரண்டாவது திரை பின்தொடர்ந்து வந்து மூடுகிறது. ஒரு திரை சென்சாரைக் கடக்கவே சுமார் 1/300 நொடி ஆகும். ஷட்டர் வேகத்தை 1/1000 என்று வைத்தால், முதல் திரை மறுமுனையை அடையும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடுகிறது. அப்போது சென்சார் ஒரு நொடிப்பொழுதும் முழுதாகத் திறந்திருப்பதில்லை. ஒரு குறுகிய இடைவெளி மட்டும் அதன்மேல் நகர்ந்து போகிறது. ஃபிளாஷின் ஒளியோ முழு வலிமையில் ஏறத்தாழ 1/1000 நொடி நீடிக்கும், குறைந்த வலிமையில் 1/20000 நொடிக்கும் கீழே போகும். எந்தப் பகுதியைத் திரை மறைத்திருக்கிறதோ அங்கே அந்த ஒளி படாது. கறுப்புப் பட்டை அதுதான். சென்சார் முழுவதும் திறந்திருக்கும் மிகக்குறைந்த நேரத்தை ஒத்திசைவு வேகம் என்கிறோம். பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250.

இனி வெயிலின் கணக்கைப் பார்ப்போம். ஐஎஸ்ஓ 100 என்ற உணர்திறனில், முழு வெயிலுக்கு 1/100 நொடி ஷட்டரும் எஃப் 16 அபெர்ச்சரும் (லென்ஸின் ஒளித்துளை; எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) பொருந்தும். 1/200க்கு எஃப் 11. ஃபிளாஷின் வலிமையைச் சொல்லும் வழிகாட்டு எண்ணை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால் அது எட்டும் தூரம் கிடைக்கும்: அந்த எண் 36 என்றால், அதை 11ஆல் வகுக்க, 3.3 மீட்டர். ஊர்வல நெரிசலில் அது போதும். ஒத்திசைவு வேகத்துக்குள் ஷட்டரை எப்படி மாற்றினாலும் ஃபிளாஷ் ஒளியின் அளவு மாறாது. வெயிலின் பங்கு மட்டுமே மாறும். அபெர்ச்சர் இரண்டையும் மாற்றும். இதைப் புரிந்துகொண்டவருக்கு இரண்டு ஒளிகளையும் தனித்தனியாக ஆளும் வழி கிடைத்துவிடுகிறது.

பின்னணி மங்கலாக வேண்டும், எஃப் 2.8 வேண்டும் என்றால் ஷட்டர் 1/3200க்குப் போக வேண்டும். அதற்கு அதிவேக ஒத்திசைவு முறை இருக்கிறது. இதில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக வெட்டாமல், இடைவெளி சென்சாரைக் கடக்கும் நேரம் முழுவதும் விடாமல் துடிக்கிறது. அந்த ஒளியில் பெரும்பகுதி திரைகளில் பட்டு வீணாகும் என்பதால் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும்.

ஒளி அளவை கேமராவே தீர்மானிக்கும் டிடிஎல் முறை அடுத்த சிக்கல். பிலிம் காலத்தில், பிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படம் பதியும்போதே அளந்து ஃபிளாஷை நிறுத்தினார்கள். டிஜிட்டல் சென்சாரின் பரப்பு அப்படி அளக்க ஏற்றதாக இல்லை. அதனால் ஷட்டர் திறக்கும் முன் ஒரு சிறு முன்மின்னல் விட்டு, திரும்பி வரும் ஒளியைக் கணக்கிடுகிறார்கள். பித்தளைப் பால்செம்பு அந்த முன்மின்னலைத் திருப்பியடித்தால், ஒளி ஏற்கெனவே மிகுதி என்று கேமரா முடிவுசெய்து முகத்தை இருட்டாக்கிவிடும். கேமராவை அவர் தோளுக்குத் திருப்பி, அங்கே கிடைக்கும் ஃபிளாஷ் அளவைப் பூட்டிக்கொண்டு எடுங்கள், அல்லது கைமுறைக்கு மாறுங்கள்.

கல்யாண மண்டபங்களில் வேறொரு தொல்லை உண்டு. முதன்மை ஃபிளாஷின் ஒளியைக் கண்டு எரியும்படி மூலையில் நிறுத்திய துணை ஃபிளாஷ், முன்மின்னலையே உண்மை மின்னல் என்று எடுத்துக்கொண்டு முந்தி எரிந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே எரிந்ததாகத் தெரியும். படத்தில் அதன் ஒளி இருக்காது. முதன்மை ஃபிளாஷைக் கைமுறைக்கு மாற்றினால் முன்மின்னல் நின்றுவிடும்.

ஃபிளாஷ் எரியவே இல்லையென்றால் முதலில் ஷட்டர் வகையைப் பாருங்கள். கருவறை முன் சத்தம் கேட்கக் கூடாதென்று மின்னணு ஷட்டரைப் போட்டிருந்தால், பல கேமராக்கள் ஃபிளாஷை அணைத்துவிடும். அடுத்து ஹாட் ஷூ, அதாவது கேமராவின் மேல் ஃபிளாஷைப் பொருத்தும் இடம். நடுவிலுள்ள பெரிய தொடுமுனை ‘எரி’ என்று மட்டுமே சொல்லும். சுற்றியுள்ள சிறு முனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. நிக்கான் ஃபிளாஷ் கேனான் கேமராவில் எரியலாம், தானாக அளவிடாது. 2019இல் வந்த கேனான் 200டி மார்க் 2 கேமராவில் அந்த நடு முனையே இல்லை. எளிய ஃபிளாஷ்களும், தள்ளி நிற்கும் ஃபிளாஷை எரிக்கும் டிரிகர்களும் அதில் வேலை செய்யாது.

அப்பா காலத்துப் பழைய ஃபிளாஷைப் பொருத்தும் முன் அதன் அடியிலுள்ள நடு முனைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். புது பேட்டரி போட்டு, தயார் விளக்கு எரிந்த பிறகு அளக்க வேண்டும். சிலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சில கேமராக்கள் 250 வோல்ட் வரை தாங்கும். சிலவற்றுக்கு 6 வோல்ட்தான் வரம்பு.