மேஜ் என்பவர் சூனியக்காரர் அல்லர்

கற்பனை உலகப் பாத்திரமேற்பு விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் காணொளிகளில் விளக்குவோரும் மந்திரம் கற்று அதைக்கொண்டு சண்டையிடும் ‘மேஜ்’ என்னும் பாத்திர வகையைச் ‘சூனியக்காரர்’ என்று குறிப்பது அண்மைக் காலத்தில் மிகுந்துவிட்டது. “தொடக்க லெவல்களில் சூனியக்காரரை எடுத்தால் சீக்கிரம் செத்துப்போவீர்கள்” என்ற அறிவுரையையும் அடிக்கடி கேட்கிறோம். அறிவுரை சரியானது. ஆனால் சூனியக்காரர் என்ற பெயரைக் கேட்டு அஞ்சிப் பழகிய தமிழருக்கு, அப்படிப்பட்டவர் ஏன் முதல் சண்டையிலேயே சாக வேண்டும் என்பது எவ்வளவு விளக்கினாலும் விளங்காது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பண்டைப் பாரசீகத்தில் சமயச் சடங்குகளைச் செய்த குருமார்களுக்கு ‘மகு’ என்று பெயர். அது கிரேக்கத்தில் ‘மாகோஸ்’ ஆகி, இலத்தீனில் ‘மாகுஸ்’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘மேஜ்’ என வந்து சேர்ந்தது. ‘மேஜிக்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். இதே வகைப் பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘விசர்ட்’ என்ற இன்னொரு சொல்லுக்கு வேர் வேறு. அது அறிவுடையவர் என்னும் பொருளில் தோன்றியது. இரண்டு சொற்களின் அடியிலும் கல்வியும் அறிவும் இருக்கின்றனவே தவிர, பிறருக்குத் தீங்கு செய்தல் இல்லை.

இந்தச் சொல்லைத் தமிழ் முதன்முதலாக இன்றைக்குத்தான் எதிர்கொள்கிறது என்று எண்ண வேண்டாம். விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் விண்மீனைப் பின்தொடர்ந்து கிழக்கிலிருந்து வருவோரைக் கிரேக்க மூலம் இதே சொல்லால்தான் அழைக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவர்களைச் ‘சாஸ்திரிகள்’ என்றது. பிற்காலப் பொது மொழிபெயர்ப்பு ‘ஞானிகள்’ என்றது. அப்போஸ்தலர் நடபடிகளின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அதே சொல் பர்யேசு என்ற ஏமாற்றுக்காரனைக் குறிக்க வருகிறது. அங்கே பழைய மொழிபெயர்ப்பு ‘மாயவித்தைக்காரன்’ என்று எழுதியது. மூலத்தில் சொல் ஒன்றாக இருந்தும், அந்த ஆள் செய்யும் வேலையைப் பார்த்துத் தமிழில் இரண்டாகப் பிரித்தார்கள். விளையாட்டை மொழிபெயர்ப்பவர்கள் அந்தப் பொறுப்பில் பாதியையாவது காட்டியிருக்கலாம்.

அப்படியானால் விளையாட்டில் மேஜ் என்ன வேலை செய்கிறார்? இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தபோது, அதை உருவாக்கிய கேரி கைகாக்சும் டேவ் ஆர்ன்சனும் இந்தப் பாத்திரத்துக்கு வைத்த பெயர் ‘மந்திரத்தைப் பயன்படுத்துபவர்’ என்னும் பொருள்படும் வறட்டுத் தொடர்தான். ‘மேஜ்’ என்பது அந்த விளையாட்டில் பாத்திர வகையின் பெயராக நிலைபெற்றது 1989இன் இரண்டாம் பதிப்பில். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டின்படி முதற்படியில் (முதல் லெவலில்) இருப்பவருக்கு உயிர்ப்புள்ளிகளை, எவ்வளவு சேதம் தாங்குவார் என்ற எண்ணை, தீர்மானிப்பது ஒரே ஒரு நான்முகப் பகடை. அதாவது ஒன்று முதல் நான்கு வரை. ஒரு குத்துவாள் ஏற்படுத்தும் சேதமும் அதே நான்முகப் பகடையால்தான் கணக்கிடப்படுகிறது என்பதால், ஒரே குத்தில் கதை முடிந்துவிடலாம். கவசம் அணியக்கூடாது. கத்தி, எறியம்பு, கைத்தடி தவிர வேறு ஆயுதம் ஏந்தக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதையும் காலையில் தம் ஏட்டைத் திறந்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். உச்சரித்த கணமே அது நினைவிலிருந்து அழிந்துவிடும். உறங்கி எழுந்து மறுபடியும் ஏட்டோடு உட்கார வேண்டும். இரண்டாம் படிக்கு ஏறத் திருடருக்கு 1,250 அனுபவப் புள்ளிகளும் போர்வீரருக்கு 2,000 புள்ளிகளும் தேவைப்பட்டபோது, இவர் கடக்க வேண்டியிருந்தது 2,500.

ஆகவே தொடக்கப் படிகளில் மேஜாக ஆடுவது என்பது பொறுமையும் கணக்கும்தான். குழுவின் இரண்டாம் வரிசையில், கேடயம் ஏந்தியவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இருக்கும் ஒரே மந்திரத்தை எந்தச் சண்டையில் செலவிடுவது என்று நாள் முழுதும் காத்திருக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதலில் கேட்பது உறக்க மந்திரம். சிறு பூதங்களின் கூட்டத்தையே அது ஒரே மூச்சில் சாய்த்துவிடும், ஆனால் நடமாடும் எலும்புக்கூடுகளிடம் பலிக்காது. அம்பைப் போலப் பாயும் ஒளிக்கணை மந்திரம் குறி தவறாது. சேதம் மட்டும் சொற்பம். எல்லோரும் கனவு காணும் தீப்பந்து மந்திரம் ஐந்தாம் படியில்தான் கைக்கு வரும். 2014இன் ஐந்தாம் பதிப்பு ஓரளவு இரங்கியது: ஆறுமுகப் பகடை, நாளுக்கு இரண்டு மந்திரங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லக்கூடிய மூன்று சிறுமந்திரங்கள், ஆறு மந்திரங்கள் எழுதிய ஏடு. அங்கும் அடிப்படை மாறவில்லை. அவர் படிக்கிறவர், ஏட்டைத் தொலைத்தால் பிழைப்பைத் தொலைத்தவர்.

இனிச் ‘சூனியக்காரர்’ என்ற சொல்லுக்கு வருவோம். சூனியம் என்றால் வெறுமை, இன்மை, சுழியம். அதுவே வழக்கில் பில்லி, ஏவல், செய்வினை ஆகியவற்றோடு சேர்ந்து, மறைவிலிருந்து ஒருவரைக் கெடுக்கும் செயலைக் குறிக்கலாயிற்று. இந்தச் செயலின் இலக்கணம் தமிழருக்கு நன்றாகத் தெரியும்: யாரோ ஒருவர் பகையால் பணம் கொடுக்க, இன்னொருவர் எதிரியின் கண்ணில் படாமல் பொம்மையையோ தகட்டையோ வாசலில் புதைக்க, பாதிக்கப்பட்டவர் காரணம் தெரியாமல் நாள்கணக்கில் நலிவார். சூனியம் ‘வைக்கப்படுவது’, வைத்தவர் யார் என்பது வெளியே தெரியாமல் இருப்பதே அதன் வலிமை. மேஜோ பகைவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, எல்லோரும் கேட்க உரத்து உச்சரித்து, கையசைத்து மந்திரத்தை ஏவுகிறார். அவர் காசுக்குத் தீங்கு விற்பவரும் அல்லர், குழுவின் தோழர், நல்லவராகவும் தீயவராகவும் ஆட்டக்காரரின் விருப்பப்படி இருக்கக்கூடியவர். சொல்லிலேயே தீமையை ஏற்றிவைத்துவிட்டால் அந்த விருப்பத்தை மொழிபெயர்ப்பாளர் பறித்துக்கொள்கிறார். போர்வீரரை முந்திக்கொண்டு, பூதங்கள் பதுங்கியிருக்கும் நிலவறையின் கதவைத் திறக்கும் முதற்படி மேஜுக்கு மட்டும், ‘சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டார்’ என்ற வழக்கு மிகப் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் சொல்லை ஆதரிப்போர், அது எல்லோருக்கும் தெரிந்த சொல், உடனே புரியும் என்கிறார்கள். புரிவது தவறான பொருள் என்றால் உடனே புரிந்து என்ன பயன்? மேலும் இவ்விளையாட்டுகளில் பிணங்களை எழுப்புவோர், இருண்ட ஆற்றல்களோடு உடன்படிக்கை செய்துகொண்டோர், சாபமிடுவோர் எனத் தனித்தனி வகையினர் இருக்கிறார்கள். சூனியம் என்ற சொல்லை ஓரளவு நியாயத்தோடு பெறக்கூடியவர்கள் அவர்களே. உரிய இடத்துக்கென வைத்திருக்க வேண்டிய சொல்லை முதல் பக்கத்திலேயே செலவழித்துவிட்டு, பிறகு ‘கருஞ்சூனியக்காரர்’, ‘இருள்சூனியக்காரர்’ என்று அடைமொழிகளை ஒட்டித் தடுமாறுவதை என்னவென்பது?

‘மாயாவி’ என்பதும் இதே காரணத்தால் உதவாது. கண்மயக்கை மட்டுமே தொழிலாகக் கொண்ட தனி வகை விளையாட்டிலேயே உண்டு; மாயாவி என்ற சொல் அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது. போதாக்குறைக்கு, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்த நாள் முதல், ஒரு தலைமுறைக்கே மாயாவி என்றால் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறவர். ‘சித்தர்’ என்பாரும் உண்டு. சித்தி பெற்றவரே சித்தர். ஒரு மந்திரத்தை ஒரு நாள் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளத் திணறுகிறவரை அப்படி அழைப்பது சித்தர்களுக்கும் நல்லதன்று. ‘மந்திரவாதி’ இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆயினும் அதைக் கேட்டதும் உடுக்கையும் எலுமிச்சம்பழமுமாகப் பேயோட்டுகிறவர்தான் மனக்கண்ணில் நிற்கிறார், ஏடு நிற்பதில்லை.

தூய தமிழ் வேண்டுவோர் ‘மறைமொழியாளர்’ என்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் இந்த இடத்தில் அவர்கள் தேவையின்றி உழைக்கிறார்கள். “நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப” என்று தொல்காப்பியச் செய்யுளியலே மந்திரம் என்ற சொல்லை ஏற்று அதற்கு விளக்கமும் தந்துவிட்டது. அவ்வளவு தொன்மையான சொல்லை இன்று வெளியேற்றிவிட்டு, மறை என்றால் வேதமா, கமுக்கமா, சங்கேதமா என்று படிப்பவரைக் குழப்புவதில் தெளிவும் இல்லை, தூய்மையும் பெரிதாகக் கூடவில்லை.

என் பரிந்துரை ‘மந்திரவாணர்’. வாழ்நர் என்பதே வாணர் எனத் திரிந்தது. பாவாணர், கலைவாணர் என்பவற்றில் போல, ஒன்றைப் பயின்று அதனால் வாழ்பவர் என்று பொருள். நன்மை தீமை எதையும் அது முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். ‘சூனியக்காரி’ என்ற வசைச்சொல்லைப் பெண் பாத்திரத்தின் தலையில் கட்டும் கொடுமையும் இல்லை. முதற்படி மந்திரவாணர் என்னும்போது, இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் கண்முன் வருகிறார். பழைய விதிகளும் இதைத்தான் சொல்லின: 1978இன் கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, முதற்படியின் பட்டம் கைவிரைவால் ஏய்ப்பவர் என்று பொருள்படும், நம் செப்பிடு வித்தைக்காரரைப் போல. ‘விசர்ட்’ என்ற பட்டம் பதினோராம் படியில்தான் கிடைக்கும்.

‘முதற்படி’ என்று நான் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ‘லெவல்’ என்பதை ‘மட்டம்’ என்று பெயர்த்து, ‘முதல் மட்ட மந்திரவாதி’ என எழுதுகிறார்கள். மட்டமான மந்திரவாதி என்றுதான் அது காதில் விழுகிறது. ஆங்கிலத்திலேயே பாத்திரத்தின் வளர்ச்சி, மந்திரத்தின் வலிமை, நிலவறையின் ஆழம், பூதத்தின் கொடுமை நான்குக்கும் இந்த ஒரே சொல் வருவதால், வெவ்வேறு சொற்களை வைக்கலாமா என்று கைகாக்ஸ் எண்ணி, பின்னர் பழக்கம் கருதி விட்டுவிட்டதாக அந்தக் கையேட்டிலேயே எழுதினார். அவருக்கு இருந்த கட்டாயம் நமக்கு இல்லை. பாத்திரத்துக்குப் படி, மந்திரத்துக்குத் தரம், நிலவறைக்குத் தளம், பூதத்துக்கு வரிசை என்று பிரித்துவிட்டால், ‘ஐந்தாம் படி மந்திரவாணர் மூன்றாம் தர மந்திரத்தை இரண்டாம் தளத்தில் ஏவினார்’ என்ற வாக்கியம் குழப்பமின்றி நிற்கிறது. ‘மூன்றாம் தரம்’ என்பது காதுக்கு இழிவாகப் படுகிறது என்பவர்கள் ‘அடுக்கு’ என்று எழுதிக்கொள்ளட்டும். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.