மூணரை மூட்டை, ஒண்ணேமுக்கால் ஏக்கர்: எங்கே தப்புகிறது கணக்கு?

நீலகிரி மண் பெரும்பாலும் அமில மண். அதனால் கோஸ், கேரட் போடுகிறவர்களுக்கு நடவுக்கு முன்னால் இத்தனை மூட்டை டோலமைட் (மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்பு வகைப் பொடி) போடுங்கள் என்று மண் பரிசோதனையைப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. சீட்டில் எழுதுவது ஏக்கர் கணக்கு, ஆனால் இந்தச் சரிவில் யாருக்கு முழுசாக ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று அமைகிறது?

கோத்தகிரி பக்கத்து அண்ணன் ஒருவருக்கு ஒண்ணேமுக்கால் ஏக்கர். ஏக்கருக்கு மூணரை மூட்டை என்றிருந்தது. சீட்டின் பின்பக்கமே கணக்குப் போட்டார்: 3 × 1 = 3, ½ × ¾ = ⅜. "அப்போ மூணே சொச்சம் போதும்ல சார்?" பத்தாவது படிக்கும் அவர் பையனும் தலையாட்டினான். இந்தத் தப்பை நான் அடிக்கடி பார்க்கிறேன், உரம் விற்கிறவர்களிடம்கூட.

முழு எண்ணை முழு எண்ணோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்கினால் இரண்டு துண்டு விட்டுப்போகிறது. அந்த மூணு மூட்டை மீதி முக்கால் ஏக்கருக்கும் போகணும், அது 2¼. அரை மூட்டை முழு ஏக்கருக்கும் போகணும், அது ½. ஆக 2¾ மூட்டை காணாமல் போச்சு!

பள்ளிக்கூடத்தில் சொன்ன வழிதான் சரி. கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக்கி, தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் பெருக்கணும்: 7/2 × 7/4 = 49/8, அதாவது 6⅛. அந்த ⅛ என்பது ஐம்பது கிலோ மூட்டையில் ஆறேகால் கிலோ; அதை விட்டால்கூட பயிர் ஒன்றும் கேட்காது, ஆனால் கிட்டத்தட்ட பாதியை விட்டால் அமிலம் குறையாமல் கோஸில் கிளப் ரூட் என்கிற வேர் வீங்கும் நோய் வந்து நிற்கும். சரி, கூடப் போட்டுவிடலாமே என்றால் அதுவும் வேண்டாம், அடுத்து உருளை போட்டால் கிழங்கில் சொறி நோய் வரும்.

நாற்பது சென்ட்காரர்களுக்கு வேறு குழப்பம், பெருக்கினால் கூடத்தானே செய்யும் என்கிறார்கள். நாற்பது சென்ட் 2/5 ஏக்கர். ஏக்கருக்கு இரண்டரை மூட்டை என்றால் 5/2 × 2/5, எல்லாம் அடிபட்டு ஒரே மூட்டை. ஒன்றுக்குக் குறைந்த பின்னத்தால் பெருக்கினால் குறையத்தான் செய்யும்.

அப்புறம் போன் கால்குலேட்டர். மூணரையை 3.1/2 என்று தட்டுகிறார்கள், அது 3.1-ஐ இரண்டால் வகுத்து 1.55 காட்டுகிறது, அதையும் நம்பி எழுதிக்கொள்கிறார்கள். 3.5 × 1.75 என்று தட்டுங்கள், 6.125 வரும்.